ஆலையில் கற்றதை சப்ளை செயின் பாடமாக மாற்றுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: வாகன உதிரிபாக ஆலையில் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், உற்பத்தித் திட்டமிடல் என்று இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு கல்லூரியில் எம்பிஏ மாணவர்களுக்கு சப்ளை செயின் மேலாண்மை எடுக்க அழைப்பு வந்திருக்கிறது. முனைவர் பட்டம் இல்லை. உள்ளே போக முடியுமா, பாடத்தை எப்படி நடத்துவது, எங்கே சறுக்கும்?

உள்ளே போவதுதான் இதில் சுலபம். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ பணிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தன் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம், முடிந்தவரை உயர்பொறுப்பில், இருந்தால் போதும். முனைவர் பட்டம் கட்டாயமில்லை. ஒரு நிறுவனத்தில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி எடுக்கக் கூடாது. ஒருவர் ஒரே இடத்தில் 3 ஆண்டு வரை இருக்கலாம், விதிவிலக்காக இன்னும் ஓர் ஆண்டு நீட்டிக்கலாம். ஆக, நிரந்தர வேலைக்குக் குறுக்குவழி என்று நினைத்துப் போகாதீர்கள். மணிக்கணக்கில் சம்பளம் தரும் விருந்தினர் விரிவுரையாளர் வழியும் உண்டு. முதல் பருவத்துக்கு ஒரே பாடம், ஒரே பிரிவு என்று அந்த வழியில் தொடங்குவது நல்லது. ஒரு மணி நேர வகுப்புக்கு எத்தனை மணி நேரம் தயாராக வேண்டும் என்பது நடத்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஏஎஸ்சிஎம் அமைப்பின் (முன்பு ஏபிஐசிஎஸ் என்றிருந்தது) சிபிஐஎம், சிஎஸ்சிபி என்ற உற்பத்தித் திட்டமிடல், சப்ளை செயின் சான்றிதழ்கள் வேண்டுமா என்றால், வேலைக்காக வேண்டாம், சொற்களுக்காகப் படிக்கலாம். ஒரே கம்பெனியில் நெடுங்காலம் இருந்தவருக்கு அந்தக் கம்பெனியின் சொல்தான் உலகத்தின் சொல் என்று தோன்றிவிடும். உங்கள் ஆலையில் ‘ஷெட்யூல்’ என்றால் வாடிக்கையாளர் தந்த மாதத் தேவை. இன்னொரு ஆலையில் அதே சொல்லுக்கு மெஷின் வாரியான வேலைத்திட்டம் என்று பொருள். மாணவன் நாளை மூன்றாவது ஆலைக்குப் போவான்.

இனி வகுப்பு. உங்களிடம் சரக்கு நிறைய இருக்கிறது, ஆனால் அது வகுப்பில் வைக்கக்கூடிய வடிவத்தில் இல்லை. ஆலையிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: கதை சொல்வார்கள். லாரி வழியில் நின்றுபோனது, பார்ட்டை விமானத்தில் வரவழைத்தது, லைன் நிற்காமல் காப்பாற்றியது. மாணவர்கள் ரசித்துக் கேட்பார்கள், பருவ இறுதியில் உங்களுக்கு நல்ல மதிப்பீடும் தருவார்கள். ஆனால் ஒரு பார்ட் எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும் என்று கேட்டால் கணக்குப் போடத் தெரியாது. காரணம், கதையில் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. கேட்பவனுக்குச் செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை.

அதே சம்பவத்தை இப்படி ஒரு தாளில் கொடுங்கள். எண்கள் உதாரணத்துக்கு. திங்கள் காலை 10 மணி. ஆலை காலை 6 முதல் இரவு 10 வரை இரண்டு ஷிஃப்ட். லைன் மணிக்கு 60 பார்ட் தின்கிறது. கையிருப்பு 840. லாரி செவ்வாய் பிற்பகல் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறார் டிரான்ஸ்போர்ட்காரர். வழிகள் மூன்று. ஒன்று, விமானத்தில் 400 பார்ட், செவ்வாய் காலை 9 மணிக்கு ஆலைக்குள் வரும், கூடுதல் செலவு 38,000 ரூபாய். இரண்டு, தர ஆய்வில் ‘ஹோல்டு’ போட்டு வைத்த 300 பார்ட்டை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிப்பது, ஒன்றுக்கு ஒரு நிமிஷம், முன்பு இப்படிப் பிரித்தபோது 70 சதவீதம் தேறியது. மூன்று, இந்தப் பார்ட் தேவைப்படாத வேறு மாடலுக்கு லைனை மாற்றுவது, மாற்ற 3 மணி நேரம் போகும், திரும்ப மாற்ற இன்னொரு 3 மணி நேரம். என்ன செய்வீர்கள், எத்தனை மணிக்குள் முடிவெடுக்க வேண்டும்?

கையிருப்பு 14 மணி நேர ஓட்டத்துக்கு வரும். திங்கள் இரவு 10 வரை 720 போய்விடும், மிச்சம் 120. செவ்வாய் காலை 8 மணிக்கு லைன் நிற்கும். இடைவெளி 6 முதல் 14 மணி நேரம், அதாவது 360 முதல் 840 பார்ட். ஹோல்டில் தேறும் 210 பார்ட் மூன்றரை மணி நேரத்துக்குத்தான் காணும். ஆனால் அந்த மூன்றரை மணி நேரம் இல்லாவிட்டால் விமானச் சரக்கு வரும் 9 மணிக்குள் லைன் ஒரு மணி நேரம் நின்றிருக்கும். வழிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் கோத்துப் பார்க்க வேண்டும் என்பதை மாணவனே கண்டுபிடிப்பான். கண்டுபிடிக்காவிட்டால் “8 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில் லைனில் என்ன ஓடும்?” என்று மட்டும் கேளுங்கள். லைன் நின்றால் மணிக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைத் தாளில் வேண்டுமென்றே விட்டுவிடலாம். அதைக் கேட்கிற மாணவனுக்கு அங்கேயே மதிப்பெண் கொடுங்கள்.

உங்கள் அனுபவத்தில் இப்படித் தாளாக்கக்கூடியவை பத்து தேறினால் பாடத்தின் பாதி தயார்.

வழக்கமான 3 கிரெடிட் பாடத்துக்கு 45 மணி நேரம். பாடநூல்கள் ‘சப்ளை செயின் என்றால் என்ன’ என்று தொடங்கும். கன்சல்டன்ட் கீத் ஆலிவர் 1982இல் இந்தப் பெயரைப் பொதுவெளியில் பயன்படுத்தினார் என்ற வரலாறும் வரும். அதெல்லாம் பத்து நிமிஷம் போதும். எம்பிஏ வகுப்பில் பி.காம்., பி.ஏ., பி.இ. எல்லாம் கலந்து உட்கார்ந்திருப்பார்கள், பாதிப்பேர் ஆலைக்குள் கால் வைத்ததில்லை. அவர்களுக்கு வியூகம், ஒருங்கிணைப்பு என்று முதல் மூன்று வாரம் பேசினால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், ஒன்றும் தங்காது. நான் பரிந்துரைப்பது தலைகீழ் வரிசை: முதலில் ஒரு பொருள், அதன் பில் ஆஃப் மெட்டீரியல் (எந்தப் பார்ட் எத்தனை என்ற பட்டியல்), எம்ஆர்பி கணக்கு (விலையல்ல, எந்தப் பார்ட் எப்போது எவ்வளவு தேவை என்று திட்டமிடுவது). பிறகு இருப்பு, அப்புறம் சப்ளையர், போக்குவரத்து. கடைசியில் வலைப்பின்னலும் வியூகமும். எம்ஆர்பிக்கு மட்டும் எட்டு மணி நேரம் ஒதுக்கினால் அதிகம் என்று துறைத்தலைவர் சொல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பொருளாகக் காரை எடுக்காதீர்கள், ஆயிரக்கணக்கான பார்ட்டில் வகுப்பு தொலைந்துவிடும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் சரியான அளவு. புவிசார் குறியீடு பெற்ற பொருள், எல்லார் வீட்டிலும் இருக்கிறது, மேசைமேல் வைக்கும் மாடலில் முக்கியமான பார்ட்டுகள் ஒரு டஜனுக்குள் அடங்கிவிடும்: மோட்டார், பெல்ட், பாடி, டிரம், அடிக்கல், உருளைக்கல், கல்லைத் தாங்கும் அச்சு, வழிப்பான், மூடி, ஸ்விட்ச், வயர். பழைய கிரைண்டர் ஒன்றை வகுப்பில் கழற்றுங்கள். டிரம்மும் அடிக்கல்லும் சேர்ந்து ஒரு துணை அசெம்பிளி, அதனால் அது ஒரு நிலை கீழே போக வேண்டும் என்பதை ஸ்லைடில் சொன்னால் புரியாது, கையில் பிடித்தால் புரியும்.

கணக்கு இப்படி. நான்காம் வாரம் 200 கிரைண்டர், ஆறாம் வாரம் 300 கிரைண்டர் அனுப்ப வேண்டும். அசெம்பிளிக்கு ஒரு வாரம். ஒரு கிரைண்டருக்கு இரண்டு உருளைக்கல். ஆக மூன்றாம் வாரம் 400 கல், ஐந்தாம் வாரம் 600 கல் லைனுக்குப் போக வேண்டும். கையிருப்பு 150. கல் வெண்டருக்கு லீட் டைம் (ஆர்டர் போட்டது முதல் சரக்கு வரும்வரை) இரண்டு வாரம், குறைந்தபட்ச ஆர்டர் 500. மூன்றாம் வாரத்தின் நிகரத் தேவை 250. முதல் வாரமே 500க்கு ஆர்டர் போட வேண்டும், 250 மிஞ்சும். ஐந்தாம் வாரம் 350 குறைகிறது, மூன்றாம் வாரம் இன்னொரு 500, கடைசியில் 150 நிற்கும். பாடநூல் இங்கே முடிந்துவிடும்.

உங்கள் பாடம் இதற்கப்புறம்தான் தொடங்குகிறது. அதே தாளை ஒவ்வொன்றாகக் கலையுங்கள்.

முதல் கலைப்பு: கல்லில் 6 சதவீதம் உடைசலும் வெடிப்பும். 500 வந்தால் 470தான் நல்லது. முதல் தவணைக்குப் பின் 220, இரண்டாவதற்குப் பின் 90. தேவை முடிந்துவிட்டது, ஆனால் மிச்சம் 150லிருந்து 90க்கு இறங்கியதை யாரும் கவனிக்க மாட்டார்கள், அடுத்த மாதம்தான் தெரியும். இரண்டாவது: வெண்டர் ஒரு வாரம் தாமதம். முதல் ஆர்டர் நான்காம் வாரம்தான் வருகிறது, மூன்றாம் வாரம் கையில் 150 கல். 75 கிரைண்டர்தான் அசெம்பிள் ஆகும். அந்த வாரத்துக்காக வந்து இறங்கிய 200 மோட்டாரில் 125 சும்மா கிடக்கும். கிடைக்காத ஒரு பொருள் மற்ற எல்லாவற்றையும் இருப்பாக மாற்றிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மூன்றாவது: புத்தகத்தில் 150, ஸ்டோர்ஸில் எண்ணினால் 90. உடைந்த கல்லைத் தூக்கிப் போட்டவர்கள் எழுதவில்லை. வெண்டர் தாமதமும் சேர்ந்தால் 45 கிரைண்டர். சைக்கிள் கவுன்ட் (இருப்பைச் சிறிது சிறிதாக அவ்வப்போது எண்ணிச் சரிபார்ப்பது) எதற்கு என்று தனியாக விளக்கத் தேவையே வராது. நான்காவது: டீலர்கள் தேய்ந்த கல்லுக்கு மாற்றாகத் தனிக்கல் கேட்கிறார்கள். இது அசெம்பிளியிலிருந்து கணக்கிட முடியாத தேவை, தனியாக முன்கணித்து அதே பார்ட்டின் மொத்தத் தேவையில் சேர்க்க வேண்டும். ஆலைகளில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். சர்வீஸ் பிரிவு ஒரு நாள் வந்து லைனுக்கு வைத்திருந்ததை அள்ளிக்கொண்டு போகும்.

அலகுப் பிழைக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். கம்பி கிலோவில் வாங்கப்படும், பார்ட் எண்ணிக்கையில் வெளிவரும். ஒரு பார்ட்டுக்கு வெட்டும் எடை 0.48 கிலோ, முடிந்த எடை 0.31 கிலோ என்று வையுங்கள். பில் ஆஃப் மெட்டீரியலில் யாரோ முடிந்த எடையைப் போட்டுவிட்டால், 1,000 கிலோவுக்கு 3,225 பார்ட் வரும் என்று கணினி சொல்லும். வருவதோ 2,083. மாதக் கடைசியில் ஸ்டோர்ஸ்காரர் மேல் திருட்டுப் பழி விழும். சாப் மென்பொருள் திரையில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று வகுப்பில் கற்றுத்தர வேண்டியதில்லை, அதை ஆலை ஒரு மாதத்தில் கற்றுத்தந்துவிடும். திரைக்குள் போகும் எண் ஏன் தப்பாகப் போகிறது என்பதை ஆலை கற்றுத்தராது.

அடுத்து சேஃப்டி ஸ்டாக், அதாவது தேவை ஏறினாலும் சரக்கு தாமதமானாலும் தாங்குவதற்கு வைக்கும் கூடுதல் இருப்பு. ஆலையில் ‘மூன்று நாள் ஸ்டாக் வை’ என்று பழகியவர்களுக்கு இங்கே வாத்தியாராக மாறுவது கடினம், ஏனென்றால் மூன்று நாள் ஏன் என்று ஆலையில் யாரும் கேட்டதில்லை. சூத்திரத்தைப் பலகையில் எழுதும் முன் எண்களை வையுங்கள். தினத்தேவை சராசரி 100, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 20. லீட் டைம் 9 நாள், ஒருநாளும் பிசகாது. லீட் டைம் முழுமைக்குமான விலக்கம் 20ஐ 9இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 60. ஒரு ஆர்டர் சுற்றில் 95 சதவீத நிச்சயத்துக்கு 1.65ஆல் பெருக்கினால் 99. இப்போது லீட் டைமுக்கே 2 நாள் திட்ட விலக்கம் இருக்கிறது என்று மாற்றுங்கள். தேவையின் பங்கு 9 × 400 = 3,600. லீட் டைமின் பங்கு 100இன் வர்க்கம் × 2இன் வர்க்கம் = 40,000. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 209, சேஃப்டி ஸ்டாக் 345.

இந்த இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி. பர்ச்சேஸ் மேலாளர் வெண்டருடன் பேசி லீட் டைமை 9 நாளிலிருந்து 4 நாளாகக் குறைத்துவிட்டார், ஆனால் முன்பின் 2 நாள் பிசகு அப்படியே இருக்கிறது. சேஃப்டி ஸ்டாக் எவ்வளவு குறையும்? வகுப்பில் பெரும்பாலோர் பாதியாகும் என்பார்கள். விடை 337, எட்டுதான் குறைகிறது. மாறாக லீட் டைம் 9 நாளே இருக்கட்டும், பிசகை 2 நாளிலிருந்து 1 நாளாக்கினால் 192. வெண்டரிடம் சீக்கிரம் கொடு என்று கேட்பதைவிட சொன்ன நாளில் கொடு என்று கேட்பது ஏன் அதிக லாபம் என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. உள்ளுணர்வாக உங்களுக்கு இது தெரியும். மாணவனுக்கு எண்தான் சாட்சி.

இந்தப் பகுதியில் வழக்கமாக வரும் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். மாதத் தரவில் கணக்கிட்ட திட்ட விலக்கத்தை நாள் கணக்கு லீட் டைமோடு அப்படியே பெருக்குவது. நாளாக மாற்றும்போது 26ஆல் வகுப்பது (வகுக்க வேண்டியது 26இன் வர்க்கமூலத்தால்). லீட் டைமைக் காலண்டர் நாளிலும் தேவையை வேலை நாளிலும் எடுப்பது. இவற்றைவிட ஆழமானது 95 சதவீதத்தின் பொருள். அது ஒரு சுற்றில் தட்டுப்பாடே வராமலிருக்கும் வாய்ப்பு. கேட்ட பார்ட்டில் 95 சதவீதம் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. மேலே சொன்ன எண்களில் ஒரு ஆர்டர் 2,000 பார்ட் என்றால், சுற்றுக்குச் சராசரி தட்டுப்பாடு நாலரை பார்ட்டுக்கும் குறைவு, அதாவது கேட்டதில் 99.7 சதவீதத்துக்கு மேல் கிடைத்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு இருப்பை ஏற்றி வைத்திருக்கும் கம்பெனிகள் நிறைய உண்டு. இன்னொன்று, சூத்திரம் தாமதங்களை மணி வடிவப் பரவலாக எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் வெண்டர் எட்டு முறை சரியாக வந்து ஒன்பதாவது முறை பத்து நாள் காணாமல் போவார். அந்த ஒன்பதாவது முறையை சேஃப்டி ஸ்டாக்கால் சமாளிக்க முடியாது, இரண்டாவது வெண்டரால்தான் முடியும். அனுபவம் சூத்திரத்தைத் திருத்த வேண்டிய இடம் இது, இங்கே தயங்காமல் பேசுங்கள்.

பீர் கேம் நடத்தாமல் விடாதீர்கள். எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் உருவாக்கியது: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் வரிசை. ஒவ்வொருவரிடமும் தொடக்க இருப்பு 12. வாடிக்கையாளர் தேவை வாரம் 4, ஐந்தாம் வாரம் 8 ஆகி அங்கேயே நிற்கும். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் வாரக்கணக்கில் தாமதம். இருப்புக்குச் செலவு ஒரு பங்கு, கொடுக்காமல் விட்ட சரக்குக்கு இரண்டு பங்கு. தேவையில் நடந்தது ஒரே ஒரு மாற்றம்தான், ஆனால் ஆலைக்குப் போகும் ஆர்டர் தலைதெறிக்க ஏறி இறங்கும். ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வில் அணிகளின் சராசரிச் செலவு மிகக்குறைந்த செலவைப்போலச் சுமார் பத்து மடங்கு இருந்தது.

நடத்துவதில் கவனிக்க வேண்டியவை. 50 நிமிஷப் பீரியடில் முடியாது, தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் கேட்டு வாங்குங்கள். 60 பேர் வகுப்பில் ஒரு பொறுப்புக்கு இருவர் என்று எட்டுப் பேர் அணி, ஏழு அணி, மிச்சம் நால்வர் கணக்கு சரிபார்க்க. அவர்கள் இல்லாவிட்டால் ஏழாம் வாரமே இரண்டு அணியின் கணக்கு கெட்டிருக்கும். எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை போதும். பீர் என்ற பெயர் கல்லூரிக்கு உறுத்தினால் ஜூஸ் பெட்டி என்று மாற்றலாம். பால் பாக்கெட் என்று மட்டும் வைக்க வேண்டாம், மறுநாள் கெட்டுப்போகும் பொருளுக்கு இருப்பு சேராது, ஆட்டமே மாறிவிடும். ஐம்பது வாரம் ஓடும் என்று சொல்லிவிட்டு முப்பத்தைந்து வாரத்தில் நிறுத்துங்கள். முடிவு தெரிந்தால் கடைசி வாரங்களில் ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். நேரமில்லையென்றால் 25 வாரத்திலேயே அலை தெரிந்துவிடும். மிக முக்கியமானது: விடையைச் சொல்லும் முன், கடைக்காரர் தவிர மற்றவர்களை வாடிக்கையாளரின் தேவை எப்படி இருந்திருக்கும் என்று படம் வரையச் சொல்லுங்கள். எல்லாரும் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். நேராக இருக்கும் உண்மைக் கோட்டை அதன்மேல் வரையும்போதுதான் அடுத்தவன் சொதப்பிவிட்டான் என்ற பேச்சு நிற்கும்.

அப்புறம் இந்த ஏற்ற இறக்கத்தின் காரணங்களுக்கு வாருங்கள். லீ, பத்மநாபன், வாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1997இல் நான்கைப் பிரித்துக் காட்டினார்கள்: ஆர்டரைப் பார்த்து முன்கணிப்பைத் திருத்துவது, மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, விலை ஏற்ற இறக்கம், தட்டுப்பாட்டில் கூடுதலாகக் கேட்டு வைப்பது. இவற்றுக்கு உங்கள் ஆலையிலேயே உதாரணம் உண்டு. முழு லாரி நிறையும்வரை காத்திருப்பது, மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் கணக்குக்காக டீலர் தலையில் கட்டுவது, தீபாவளி ஸ்கீம், கேட்டதில் பாதிதான் வரும் என்று தெரிந்து இரட்டிப்பாகக் கேட்பது. மாணவர்களை விட்டே எது எந்தக் காரணத்தில் சேரும் என்று பிரிக்கச் சொல்லுங்கள்.

ஜஸ்ட்-இன்-டைம் (தேவைப்படும் நேரத்தில் தேவையான அளவு மட்டும் வரவழைப்பது) பற்றி ஒரு எச்சரிக்கை. வாகனத் துறையிலிருந்து வருகிறவர்கள் அதை மதமாக்கிவிடுகிறார்கள். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வெண்டர் பக்கத்திலேயே இருக்கிறார், மாதத் தேவை முன்கூட்டியே உறுதியாகிறது, ஒரே சுற்றில் பல வெண்டர்களிடம் சரக்கு எடுக்கும் மில்க் ரன் வண்டி ஓடுகிறது, அதனால் அங்கே வேலை செய்கிறது. திருப்பூர் பின்னலாடையில் ஒரு ஸ்டைல் ஒரு சீசனுக்குத்தான், சாயமேற்றிய துணி ஒரு லாட்டுக்கும் அடுத்ததற்கும் நிறம் மாறும், சில ஆக்சஸரீஸ் கடல் கடந்து வரும். அங்கே போய் இருப்பைப் பூஜ்யமாக்கு என்றால் சிரிப்பார்கள். எந்த முறையையும் கற்பிக்கும்போது அது எந்த நிலைமைகளில் நிற்கிறது என்பதை முதலில் எழுதிப் போடுங்கள்.

இதற்கு நல்ல தாள்: 1997 பிப்ரவரி 1, ஜப்பானின் கரியாவில் ஐசின் சீகி ஆலையில் தீ. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கான பி-வால்வு என்ற சின்னப் பார்ட்டில் ஏறக்குறைய முழுவதும், 99 சதவீதம், அந்த ஆலையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. டொயோட்டாவின் கையிருப்பு சொற்பம்தான். ஜப்பானில் அதன் கார் ஆலைகள் ஏறக்குறைய எல்லாம் நின்றன. முடிவைச் சொல்லாமல் இங்கேயே நிறுத்தி, முதல் 24 மணி நேரத்தில் யார் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுத வையுங்கள். வரைபடம், டூலிங், யார் மெஷின் காலியாக இருக்கிறது, தரத்துக்கு யார் கையெழுத்து, விலை எப்போது பேசுவது. பிறகு நடந்ததைச் சொல்லுங்கள்: வரைபடங்கள் மற்ற வெண்டர்களுக்குப் பகிரப்பட்டன, இந்த வால்வை அதுவரை செய்யாத நிறுவனங்களும் இருந்த மெஷினில் செய்து கொடுத்தன, ஒரு வார அளவில் ஆலைகள் மீண்டும் ஓடின. ‘எல்லாவற்றுக்கும் ஒரு மாத ஸ்டாக் வைத்திருந்தால் போதுமே’ என்று ஒரு மாணவன் நிச்சயம் சொல்வான். அதற்கு என்ன செலவு என்று அவனையே பலகைக்குக் கூப்பிடுங்கள்.

உங்கள் பழைய கம்பெனித் தரவைப் பயன்படுத்துவதானால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. மறைக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா அளவையும் ஒரே எண்ணால், உதாரணமாக 0.73ஆல், பெருக்கினால் உண்மை அளவு மறையும், ஏற்ற இறக்கத்தின் விகிதம் அப்படியே இருக்கும். விலைக்கு வேறொரு எண்ணை எடுங்கள். தேதிகளை நகர்த்தும்போது 7இன் மடங்கில் நகர்த்துங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை புதன்கிழமையாகி, வாராந்தர ஒழுங்கு குலைந்துபோகும். பொங்கல், ஆயுத பூஜை விடுமுறையைத் தனி நிரலில் குறித்துவிடுங்கள். பார்ட் பெயரையும் வெண்டர் பெயரையும் மாற்றுங்கள். தரவைச் சுத்தம் மட்டும் செய்யாதீர்கள். இருமுறை பதிவான ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு), மைனஸில் நிற்கும் இருப்பு, ஒரே பார்ட்டுக்கு இரண்டு குறியீடு எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதைச் சுத்தம் செய்வதே முதல் அசைன்மென்ட்.

ஜாப் ஒர்க் (நம் சரக்கை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவது) பற்றி ஒரு வகுப்பு போதும், ஆனால் விடக் கூடாது. பிளேட்டிங்குக்கோ ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கோ போகும் சரக்கு டெலிவரி சலானில் போகிறது, இருப்பு நம் கணக்கில்தான் நிற்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரியும் வட்டியும் வரும். ‘வெளியே இருக்கும் ஸ்டாக்’ பட்டியலை வயது வாரியாகப் பிரிக்கச் சொன்னால் எம்பிஏ மாணவனுக்கு நிதிப் பாடமும் சேர்ந்து வந்துவிடும்.

ஆலைச் சுற்றுலா பெரும்பாலும் வீண். அறுபது பேரைக் கூட்டிப்போனால் பின்வரிசைக்கு மெஷின் சத்தம்தான் கேட்கும். பதினைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு பார்ட்டைக் கொடுத்து, கேட்டில் நுழைந்தது முதல் லைனில் ஏறும்வரை எங்கெங்கே எத்தனை நேரம் நிற்கிறது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். நடுவில் நிற்கும் சரக்கு 1,200, நாளொன்றுக்கு வெளிவருவது 300 என்றால் ஒரு பார்ட் சராசரியாக 4 நாள் உள்ளே இருக்கிறது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. சரக்குப் பெட்டியில் தொங்கும் டேக்கின் தேதியைப் பார்த்து அந்த 4 நாள் உண்மையா என்று சரிபார்க்கட்டும். பொருந்தாவிட்டால் இன்னும் நல்லது: பழைய லாட்டை ஓரமாக விட்டுப் புதியதை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

தேர்வு. கல்லூரி தன்னாட்சியா, பல்கலைக்கழக இணைப்பா என்று சேரும் முன்பே கேளுங்கள். இணைப்பு என்றால் வினாத்தாள் வெளியிலிருந்து வரும், ‘வரையறு’, ‘விளக்குக’ என்று இருக்கும். அதற்குப் பருவக் கடைசியில் நான்கு மணி நேரம் தனியாக ஒதுக்கி, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழக்கிவிடுங்கள். கொள்கை பேசி மாணவர் மதிப்பெண்ணைக் காவு கொடுக்க வேண்டாம். அக மதிப்பீடு உங்கள் கையில். அசைன்மென்டில் காப்பி அடிப்பதைத் தடுக்க, தொடக்கக் கையிருப்பை ஒவ்வொருவரின் ரோல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தோடு 100ஐக் கூட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் விடை வேறு. எக்செல் ஷீட் ஒன்று போட்டு வைத்தால் திருத்துவதும் நிமிஷக் கணக்கு. வினாவில் ஒரு தகவலை விட்டுவிட்டு, என்ன அனுமானம் வைத்தாய், ஏன் என்று எழுதியதற்கே மதிப்பெண்ணில் கால்பங்கு வையுங்கள். முதல் தேர்வில் ‘வினா தவறு’ என்று துறைத்தலைவரிடம் புகார் போகும், அதனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அலகு எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் தராதீர்கள். வெறும் 345 என்று எழுதினால் பார்ட்டா, கிலோவா, நாளா என்று சிவப்பில் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். இதை இரண்டாம் வாரமே தொடங்க வேண்டும், கடைசி மாதத்தில் தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும்.